லினக்ஸில் தமிழ் எழுத்து மங்கல், இடைவெளி தாறுமாறு, புள்ளியே கண்ணில் படவில்லை

மெய்ப்புக்காரி:

வணக்கம். தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது என்று அண்ணன் மகன் இரண்டு மாதத்துக்கு முன் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தான், திரைத் தோற்றத்துக்கு க்னோம் டெஸ்க்டாப். வேகத்தில் ஒரு குறையும் இல்லை, வைரஸ் தொல்லையும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் எழுத்தைப் பார்த்தால்தான் அழுகை வருகிறது.

முதலில் புள்ளி. மெய்யெழுத்தின் மேல் இருக்கவேண்டிய புள்ளி சில இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தூசி மாதிரி தெரிகிறது, சில இடத்தில் தெரியவே இல்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் பார்த்தேன். அதில் "கல்விக்கூடம்" என்று தலைப்பில் இருக்கவேண்டியது புள்ளி இல்லாமலே வந்திருக்கிறது, நானும் பார்த்துவிட்டு "சரி" போட்டு அனுப்பிவிட்டேன். அச்சகத்து அண்ணாச்சி பிளேட் போடும் முன் போன் பண்ணி, "என்னம்மா, தலைமையாசிரியருக்கு வேலை போகணும்னு ஆசையா" என்று சிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புள்ளி போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடத் தொழிலில் இப்படி விட்டதில்லை.

அப்புறம் இடைவெளி. "பதிப்பகம்" என்ற சொல் "பதி ப்பக ம்" என்று மூன்று துண்டாக நிற்கிறது. நடுவில் யாரும் ஸ்பேஸ் தட்டவில்லை, கர்சரை வைத்துப் பார்த்துவிட்டேன். வரிகளுக்கு நடுவிலும் ஒரே மாதிரி இல்லை, தமிழ் வரும் வரி உயரமாகவும் ஆங்கிலம் மட்டும் வரும் வரி நெருக்கமாகவும் இருக்கிறது. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் ழு, ஞு இவற்றின் வால் வெட்டுப்பட்டுப் போகிறது. திரை 15.6 அங்குலம், 1366க்கு 768. கண் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, கண்ணாடி பவர் மாறவில்லை. என்ன செய்யலாம்?

டீக்கடைபெஞ்ச்:

லினக்ஸில் ஃபாண்ட் அசிங்கம் என்பது ஊரறிந்த விஷயம், இதற்குப் போய் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள். பழையபடி விண்டோஸே போடுங்கள். முடியாது என்றால் அங்கிருந்து லதா, நிர்மலா என்ற தமிழ் ஃபாண்ட் இரண்டையும் காப்பி பண்ணிக் கொண்டுவந்து போடுங்கள், வேலை முடிந்தது.

ஆணிவேர்:

பெஞ்ச் சொல்வதைச் செய்யாதீர்கள். லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்தும் நிர்மலா விண்டோஸ் 8 காலத்திலிருந்தும் அந்த இயங்குதளத்தோடு சேர்த்து உரிமம் பெற்றவை, பிடுங்கி வேறு இடத்தில் நடுவதற்கு அனுமதி இல்லை. அது ஒரு பக்கம். உரிமம் இருந்தாலும் உங்கள் பிரச்சினை தீராது, ஏனென்றால் நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, மூன்று கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. எது எதனால் என்று பிரிக்காமல் கையில் கிடைத்த செட்டிங்கையெல்லாம் மாற்றினால் இருப்பதும் கெடும். நானே அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

முதல் கேள்வி, திரையில் நீங்கள் பார்க்கும் தமிழ் எந்த எழுத்துருவில் வருகிறது? க்னோம் 43இன் இடைமுக எழுத்துரு கான்டரெல். அதில் தமிழே கிடையாது. தமிழ் எழுத்து வந்தவுடன் ஃபான்ட்கான்ஃபிக் என்ற பகுதி கணினியில் இருக்கும் எழுத்துருக்களை அலசி, தமிழ் தெரிந்த ஒன்றைத் தானே பிடித்துக் கொடுக்கிறது. அது எதைப் பிடிக்கும் என்பது நீங்கள் என்னென்ன நிறுவியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எஃப்சி, ஒரு சின்னக்கோடு, மேட்ச் என்று சேர்த்து அடியுங்கள், ஓர் இடைவெளி விடுங்கள், பிறகு சான்ஸ், முக்காற்புள்ளி, லாங், சமக்குறி, டிஏ, இவை இடைவெளி இல்லாமல். எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில். ஒரு வரி பதில் வரும், அதில் இருக்கும் பெயர்தான் உங்கள் தமிழைக் காட்டிக்கொண்டிருக்கும் ஆசாமி. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் என்று வந்தால் பயமில்லை. ஃப்ரீசெரிஃப் என்று வந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது, அதன் தமிழ்க் கோடுகள் திரைக்கு ரொம்ப மெலிசு.

இரண்டாவது சோதனை. லிப்ரே ஆபீஸில் அந்த "பதிப்பகம்" இருக்கும் கோப்பைத் திறந்து 100 சதவீதத்தில் பாருங்கள், அப்புறம் 200க்குப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கியதும் சொல் ஒட்டிக்கொண்டால் அது திரையில் காட்டுவதில் வரும் கோளாறு, அச்சில் வராது. பெரிதாக்கியும் துண்டாகவே நின்றால் எழுத்துருவிலோ கோப்பிலோ கோளாறு.

திரையில் ஏன் வருகிறது என்றால், லிப்ரே ஆபீஸ் வரியை அச்சுத் தாளுக்கான நுண்ணிய அளவில் கணக்குப் போடுகிறது. ஓர் எழுத்தின் அகலம் 7.4 பிக்சல், அடுத்தது 9.6 பிக்சல் என்று வரும். ஆனால் எழுத்தை முழுப் பிக்சலில்தான் வைப்பேன் என்று திரை அடம்பிடித்தால் 7.4 ஏழாகும், 9.6 பத்தாகும். ஒன்று முட்டும், ஒன்று விலகும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஆனால் தமிழில் ஐ, ண, ஞ மாதிரி அகலமானவையும் ர, ட மாதிரி ஒடுங்கியவையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறது. குரோமியம் உலாவியும் பெரிதாக்காத சாதாரணத் திரையில் இப்படி முழுப் பிக்சலுக்கே ஒதுக்குகிறது, அதனால் அங்கேயும் பார்த்திருப்பீர்கள்.

மெய்ப்புக்காரி:

நீங்கள் சொன்னபடி அடித்தேன். நோட்டோவும் இல்லை லோகித்தும் இல்லை, கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் ஒரு அலங்கார எழுத்துருவின் பெயர் வந்தது! இப்போதுதான் நினைவு வருகிறது. பழைய கணினியில் இருந்த எழுத்துருக் கோப்புறையை, வேலைக்கு வேண்டுமே என்று, அப்படியே பென் டிரைவில் எடுத்து இதில் போடச் சொன்னேன். இருநூற்றுச் சொச்சம் இருக்கும். அதில் பாதி யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, ஒவ்வொரு வாடிக்கையாளரும் கொடுத்தது.

200க்குப் பெரிதாக்கினால் "பதிப்பகம்" ஒழுங்காக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் "கௌரவ ஆலோசகர்" என்று ஓர் இடம், அங்கே மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் ள தனியே விலகி நிற்கிறது. அது என்ன?

ஆணிவேர்:

சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். உங்கள் கணினி இரண்டு மாதமாகக் கோப்புப் பெயரையெல்லாம் கல்யாணப் பத்திரிகையாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வரி உயரக் கோளாறுக்கும் அதுதான் காரணம். ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் "எனக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு இடம் வேண்டும்" என்று எண்கள் எழுதியிருக்கும். அவசரத்தில் செய்த எழுத்துருக்களில் அந்த எண்கள் கன்னாபின்னா என்று இருக்கும். மேலே தாராளமாகக் கேட்டால் வரி எழும்பும், கீழே குறைத்துக் கேட்டால் ழு, ஞு வால் அறுபடும். ஆங்கிலம் மட்டும் இருக்கும் வரிக்குக் கான்டரெல்லின் அளவு, தமிழ் கலந்த வரிக்கு இந்த ஆசாமியின் அளவு. நீங்கள் பார்த்தது அதேதான்.

செய்ய வேண்டியது. கோப்பு உலாவியில் ஹோமுக்குப் போய் கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். ஃபாண்ட்ஸ் என்று புள்ளியோடு தொடங்கும் ஒன்று இருக்கும் (புள்ளி இங்கே மட்டும் பளிச்சென்று தெரியும் பாருங்கள்), இல்லையென்றால் லோக்கல், ஷேர் உள்ளே ஃபாண்ட்ஸ் என்று இருக்கும். அந்த இருநூற்றையும் வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள், அழிக்க வேண்டாம். ஒரு வேலைக்கு ஒன்று வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் அதை உள்ளே போடுங்கள். பிறகு முன்பு அடித்த கட்டளையின் முதல் பகுதியை மட்டும், மேட்சுக்குப் பதிலாக கேஷ் என்று போட்டு ஒரு தரம் ஓட்டுங்கள், பட்டியல் புதுப்பிக்கப்படும். நோட்டோ இல்லையென்றால் ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் தொகுப்பை நிறுவுங்கள்.

அதைவிட நான் செய்திருப்பது இன்னும் சுலபம், இடைமுக எழுத்துருவையே தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே உள்ள ஒன்றாக மாற்றிவிட்டேன். முக்தா மலர், கேட்டமரான் இரண்டிலுமே இரண்டும் உண்டு, இரண்டும் இலவசம். ஒரே எழுத்துருவிலிருந்து இரண்டும் வந்தால் "2023ஆம் ஆண்டு" என்று அடிக்கும்போது எண் குள்ளமாகவும் தமிழ் நெட்டையாகவும் நிற்காது, வரி உயரமும் ஆடாது. ட்வீக்ஸ் என்ற நிரலைத் திறந்தால் எழுத்துரு மாற்றும் பக்கம் இருக்கிறது.

லிப்ரே ஆபீஸில் இன்னொரு பொறி இருக்கிறது. அது தமிழை "சிக்கலான எழுத்துமுறை" என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, தமிழுக்கு வேறு எழுத்துரு, வேறு அளவு. ஆங்கிலத்தின் அளவை 12க்கு ஏற்றிவிட்டுத் தமிழ் 10லேயே கிடக்கிறது என்று தெரியாமல் தவித்தவர்கள் நிறையப் பேர். பாணியைத் திருத்தும் பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

ள விஷயம் எனக்கு அத்துப்படி இல்லை. பனங்கூடல் வந்தால் சொல்வார்.

பனங்கூடல்:

வந்திட்டன். அக்கா, அது பொன்ற் பிழை இல்லை, எழுத்தே பிழை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் யுனிக்கோடுக்கு முந்தின பாமினி என்ற பொன்ற்றிலேயே காலம் தள்ளின ஆட்கள், யுனிக்கோடுக்கு மாத்தின பழைய கோப்புகளில் இதைத் தினமும் பார்க்கிறனான்.

கௌ என்பதற்கு இரண்டு உருவம் உண்டு. சரியானது, க எழுத்துக்குப் பின்னால் ஔகாரக் குறி என்ற ஒற்றைக் குறி. பிழையானது, க, ஒற்றைக் கொம்பு, அப்புறம் ளகரம் என்ற முழு எழுத்து. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கடதாசியில் அடித்தால் கடவுளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது "கெ", "ள" என்று இரண்டு எழுத்து. வரியை இரு பக்கமும் சமப்படுத்தும்போதோ, எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டும்போதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். உங்களுடைய தலைப்புக்கு யாரோ எழுத்திடைவெளி கூட்டி வைத்திருக்கினம் போல.

தேடிப் பாருங்கோ, "கெளரவ" என்று ளகரத்தோடு அடித்துத் தேடினால் எத்தனை வருகுது என்று. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாத்தலாம். ஆனால் கவனம், கெளுத்தி மீன் மாதிரி உண்மையான ளகரம் வாற சொல்லுகளும் இருக்கு. "கெள" என்று மட்டும் தேடிக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் மாத்தினால் கெளுத்தியும் குழம்பிவிடும், ஒருக்கா எனக்கு ஆனது.

இதே போல கொம்பு, எழுத்து, கால் என்ற ஒழுங்கும். பாமினியில் கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில் கொம்பை முதலில் அடிப்போம். யுனிக்கோடில் க முதலில், குறி பிறகு. கொம்பை இடப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது ஹார்ஃப்பஸ் என்ற நிரலின் வேலை. மாத்தித் தருகிற கருவி ஒழுங்கைக் குழப்பினால் புள்ளிக் கோட்டு வட்டம் ஒன்று வந்து நிற்கும். வட்டம் கண்டால் பொன்ற்றைத் திட்டாதேங்கோ, கோப்பைப் பாருங்கோ.

கோணல்மாணல்:

எல்லாரும் இடைவெளியைப் பற்றியே பேசுகிறீர்கள், மெய்ப்புக்காரி முதலில் கேட்டது புள்ளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் திரையில் 10 பாயின்ட் அளவு எழுத்து என்றால் மொத்த உயரமே 13 பிக்சல் சொச்சம். அதற்குள்தான் எழுத்தின் உடல், மேலே கொக்கி, கீழே வால் எல்லாம். மெய்யின் புள்ளி இதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால்கூட ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு சொச்சப் பிக்சல் சரியாகக் கட்டத்தின் மேல் உட்கார்ந்தால் கறுப்பாகத் தெரியும், நாலு கட்டத்தின் மூலையில் உட்கார்ந்தால் நாலு வெளிறிய சாம்பலாகப் பிரிந்துவிடும். அதனால்தான் ஒரு வரியில் தெரிகிறது, அடுத்த வரியில் தெரியவில்லை. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று அந்தக் காலத்தில் வைக்காமலே எழுதினார்கள் என்பார்கள், நாம் கண்ணாடித் திரைக்கு வந்தும் அதே நிலைமை.

இதைக் கட்டத்தோடு ஒட்ட வைக்கும் வேலைக்குப் பெயர் ஹின்டிங். ட்வீக்ஸில் நாலு நிலை இருக்கும். ஃபுல் என்றால் எழுத்தை இரண்டு திசையிலும் இழுத்துக் கட்டத்தில் பொருத்தும், கூர்மையாக இருக்கும், ஆனால் வடிவமும் அகலமும் கெடும். வளைவே வாழ்க்கையாக உள்ள நம் எழுத்துக்கு அது ஆகாது, ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நன் என்றால் இழுக்கவே இழுக்காது, வடிவம் சுத்தம், ஆனால் இவர் திரையில் மங்கல். ஸ்லைட் என்றால் மேல்கீழாக மட்டும் பொருத்தும், அகலத்தைத் தொடாது. இவருக்கு ஸ்லைட்தான். நன் போடச் சொல்லும் ஆட்கள் எல்லாம் 27 அங்குல 4கே திரை வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு அங்குலத்துக்கு 163 பிக்சல், இவருக்கு 100. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

அதோடு எழுத்தின் அளவை 12 ஆக்குங்கள். 12 என்றால் சரியாக 16 பிக்சல், 11 என்றால் 14.67. முழு எண் என்பதால் மட்டும் மந்திரம் நடந்துவிடாது, ஆனால் புள்ளிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். திரை மொத்தத்தையும் 125 சதவீதத்துக்குப் பெரிதாக்க வேண்டாம், சில நிரல்களில் படத்தை இழுத்துச் சுருக்கிக் காட்டும், இன்னும் மங்கும். ட்வீக்ஸில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் எண் இருக்கிறது, அதை 1.15 வைத்தால் போதும்.

ஃபயர்ஃபாக்ஸில் தனியாக ஒரு வேலை. அமைப்பில் எழுத்துருப் பகுதிக்குள் போனால் மொழிவாரியாகத் தேர்வு இருக்கும், தமிழைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் வையுங்கள். சில செய்தித் தளங்கள் தமிழை 12 பிக்சலில் போட்டுக் கண்ணைக் கெடுக்கின்றன, அதற்கு இது மருந்து.

ஆணிவேர்:

கோணல் சொன்னதோடு ஒன்று. கோப்பு உலாவியும் உரைத் திருத்தியும் மட்டும் ஃபயர்ஃபாக்ஸைவிட மங்கலாகத் தெரிந்தால் குழம்பாதீர்கள். அவை ஜிடிகே 4 என்ற நிரல் கட்டும் கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை, சிவப்பு பச்சை நீலம் என்று பிக்சலைப் பிரித்துக் கூர்மையாக்கும் உத்தி அதில் இல்லை, வெறும் சாம்பல்தான். கான்ஃபிக் கோப்புறைக்குள் ஜிடிகே-4.0 என்று இருக்கும், அதில் செட்டிங்ஸ் கோப்பில் ஜிடிகே-ஹின்ட்-ஃபான்ட்-மெட்ரிக்ஸ் என்பதற்கு 1 கொடுத்தால் எழுத்து கொஞ்சம் கூர்மையாகும். பதிலுக்கு இடைவெளி கொஞ்சம் முரடாகும். உங்களுக்குப் புள்ளி முக்கியம் என்பதால் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். அண்ணன் மகனைக் கூப்பிட்டே செய்யுங்கள், அவன்தானே ஆரம்பித்து வைத்தவன்.

டீக்கடைபெஞ்ச்:

இதெல்லாம் செய்வதற்கு என் வழி ஐந்து நிமிடம். சொன்னேன், அவ்வளவுதான்.

மெய்ப்புக்காரி:

நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாம் செய்தேன். இருநூற்றுச் சொச்சத்தையும் "மூட்டை" என்று ஒரு கோப்புறை போட்டு அதற்குள் தள்ளியவுடனே வரி உயரம் சரியாகிவிட்டது, வால்களும் திரும்பி வந்தன. இடைமுகத்துக்கு முக்தா மலர் 12, ஹின்டிங் ஸ்லைட். உள்ளே பார்த்தால் அது ஃபுல்லில் இருந்தது. கூர்மையாகத் தெரியட்டும் என்று தானே மாற்றியதாக அண்ணன் மகன் ஒப்புக்கொண்டான்.

லிப்ரே ஆபீஸில் ஆங்கிலம் 12, தமிழ் 10 என்றுதான் இருந்தது. ஆணிவேர் சொன்னது அப்படியே. "கெளரவ" தேடினால் அந்த மலரில் பதினான்கு இடம். வாழ்த்துரை கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கௌரவமானவர்கள்தான் போலிருக்கிறது. கெளுத்தி எதுவும் இல்லை, பார்த்துத்தான் மாற்றினேன்.

புள்ளி இப்போது தெரிகிறது. 100 சதவீதத்தில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, அதனால் கடைசி வாசிப்பை 150இல் வைத்துச் செய்கிறேன், தலைப்புகளை மட்டும் 200இல். ஜிடிகே விஷயத்தைத் தொடவில்லை. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டெர்மினலில் தமிழ்க் கோப்புப் பெயர் வந்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன, அதற்கும் ஏதாவது செட்டிங் உண்டா?

ஆணிவேர்:

அதை விட்டுவிடுங்கள். டெர்மினல் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைக்கிறது. "ரி"யும் "ணௌ"வும் ஒரே அகலக் கட்டத்துக்குள் எப்படி அடங்கும். நான் பல எழுத்துரு மாற்றிப் பார்த்துவிட்டு, கோப்புப் பெயர்களை ஆங்கிலத்தில் வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

பனங்கூடல்:

நான் இன்னும் தமிழில்தான் வைக்கிறனான். டெர்மினலைத் திறக்கிறதைத்தான் குறைச்சிட்டன்.